பழைய டைனோசர் கிட்: தேடுவது முதல் கட்டி முடிப்பது வரை

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் மனைவியின் பெரியம்மா வீட்டைக் காலி செய்த சனிக்கிழமைதான் எனக்கு முதல் பழைய கிட், அதாவது பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி உருவம் கட்டும் மாடல் பெட்டி, கிடைத்தது. கராஜ் பரணில், அடி ஓட்டையான இட்லிப் பானைக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஸ்டெகோசாரஸ். அவர் மகன் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கி, பாதித் துண்டுகளை வெட்டியதோடு மறந்துவிட்டாராம். "எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை, இங்க கிடந்தா பூச்சிதான் தின்னும்" என்றார் பெரியம்மா. வீட்டுக்கு வந்து மேசை விளக்கின் அடியில் கொட்டிப் பார்த்தேன். முதுகுத் தட்டுகள் எல்லாம் இருந்தன. வால் நுனியின் நான்கு முட்களில் ஒன்று மட்டும் இல்லை. அந்த நான்காவது முள்ளை நானே செய்து ஒட்டிய இரவில் இந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. 11 வருடமாக விடவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு இதைப் புதிதாகத் தொடங்க நினைக்கும் நம் ஆட்களுக்காக, நான் கைப்பட்டுக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். அபூர்வமான பெட்டியில் கை வைப்பதற்கு முன், அதே வார்ப்பு அச்சிலிருந்து பின்னாளில் வந்த மலிவான மறுவெளியீடு ஒன்றை வாங்கிக் கட்டி முடியுங்கள். எந்த இடத்தில் இரண்டு பாதியும் சேராது, எந்தக் கால் ஆடும், எந்தப் பல் உடையும் என்பதெல்லாம் அந்த மலிவுப் பெட்டியே சொல்லிக்கொடுத்துவிடும். அச்சு ஒன்றுதானே.

அப்புறம், சீல் உடையாத பழைய பெட்டி கையில் கிடைத்தால் அதைப் பிரிக்காதீர்கள். இன்னும் பிரிக்காமல் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். கட்டுவதற்கு ஏற்கெனவே திறந்த பெட்டியைத் தேடுங்கள். விலையும் குறைவு, மனமும் உறுத்தாது.

எதைத் தேடுகிறோம்

பழைய டைனோசர் கிட் என்றவுடன் சேகரிப்பாளர்கள் முதலில் சொல்வது அரோரா. அமெரிக்க கம்பெனி. 1971இல் அவர்கள் தொடங்கிய வரலாற்றுக்கு முந்தைய உலகத் தொடரில் அல்லோசாரஸ், ட்ரைசெராடாப்ஸ், அங்கைலோசாரஸ், டெரனோடான், கம்பளி யானை, வாள்பல் புலி, குகை மனிதன் என்று ஒரு பெரிய கூட்டமே வந்தது. 1/13 அளவு, அதாவது நிஜத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு. இந்தத் தொடரின் தனி அழகு அதன் அடித்தளங்கள். ஒரு கிட்டின் தரையை இன்னொரு கிட்டின் தரையோடு சேர்த்து வைக்கலாம். வாங்க வாங்க ஒரு முழுக் காடே மேசையில் பரவும். பெரும்பாலான துண்டுகள் பசையில்லாமல் அழுத்தினாலே பொருந்தும், சிலவற்றில் வாயும் காலும் அசையும். இதன் அச்சுகள் 1977இல் மோனோகிராம் கம்பெனிக்குப் போயின. அவர்களும், அவர்களுக்குப் பின் ரெவெல் கம்பெனியும் சிலவற்றை மறுபடி வெளியிட்டார்கள். ஆகவே, "அரோரா கிட் வேண்டும், ஆனால் அரோரா விலை கட்டாது" என்பவர்களுக்கு மோனோகிராம் பெட்டிதான் வாசல்.

அதற்கும் முந்தையது பைரோ. நியூ ஜெர்சியில் இருந்த கம்பெனி. 1960களின் இறுதியில் வந்த அவர்களுடைய டைரனோசாரஸ், பிராண்டோசாரஸ், ஸ்டெகோசாரஸ், டைமெட்ரோடான் எல்லாம் துண்டுகள் குறைவானவை, பழகுவதற்கு நல்லவை. பைரோ மூடிய பிறகு அச்சுகள் லைஃப்-லைக் கம்பெனி வழியாக லிண்ட்பெர்க் கம்பெனி கையில் போய்ச் சேர்ந்தன. லிண்ட்பெர்க் பெட்டிகள் இன்றும் அவ்வளவு விலையில்லாமல் கிடைக்கின்றன. நான் மேலே சொன்ன முதல் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கிட் எனக்குத் தெரியவில்லை. இந்த டைமெட்ரோடான் டைனோசரே அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகில் பாய்மரம் வைத்த அந்தப் பிராணி பாலூட்டிகளின் மூதாதையர் கிளையைச் சேர்ந்தது. நம் கரூ வறண்ட நிலத்துப் பாறைகளில் குவியல் குவியலாகக் கிடைக்கும் லிஸ்ட்ரோசாரஸ் என்ற தொல்விலங்குக்குத்தான் அது தூரத்து உறவு.

தென்னாப்பிரிக்க வீடுகளில் தேடுகிறவர்களுக்கு ஏர்ஃபிக்ஸ் அதிகம் கண்ணில் படும். பிரிட்டிஷ் சாமான்கள் நிறைய வந்த நாடு இது. 1976 வரை இங்கே தொலைக்காட்சியே கிடையாது. பிள்ளைகள் மாலை நேரத்தைக் கையால் எதையாவது செய்து கழித்த தலைமுறை அது, அவர்கள் வீட்டுப் பரண்களில் இன்னும் சரக்கு இருக்கிறது என்பது என் அனுபவம். ஏர்ஃபிக்ஸ் டைனோசர்கள் 1970களின் பிற்பாதியில் வந்தவை.

ஜப்பான் பக்கம் போனால் டமியா கம்பெனியின் 1/35 வரிசை. 1980களின் தொடக்கத்தில் சிறிய பெட்டிகளாக வந்தது, 1990களில் செடி கொடி தரையோடு பெரிய தொகுப்புகளாக வளர்ந்தது. துண்டுக்குத் துண்டு மயிரிழை பிசகாமல் பொருந்தும். கையோடோ என்ற ஒசாகா பக்கத்து நிறுவனத்தின் மென்வினைல் கிட்கள், ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக், இன்னொரு ரகம். தோலின் சுருக்கம், கழுத்தின் திருப்பம் எல்லாம் உயிருள்ள பிராணியைப் பார்த்துச் செய்தது போல இருக்கும். அதற்குத் தனிப் பக்குவம் வேண்டும், கீழே சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன்பே அலமாரியை அளந்துவிடுங்கள். டைரனோசாரஸ் நிஜத்தில் சுமார் 12 மீட்டர் நீளம். 1/35 அளவில் 34 செ.மீ. வால் நீட்டிய பிராண்டோசாரஸுக்கு அதைப் போல இரண்டு மடங்கு இடம் வேண்டும்.

பெட்டியின் வயதைப் படிப்பது

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். துண்டின் உள்பக்கத்தில் ஒரு வருடம் பொறித்திருக்கும். அது அச்சு வெட்டிய வருடம், உங்கள் கையில் உள்ள பிளாஸ்டிக்கை வார்த்த வருடம் அல்ல. 1971 என்று பொறித்த துண்டு 1990களில் வார்த்த மறுவெளியீடாகவும் இருக்கலாம். "பாருங்க, 71 போட்டிருக்கு" என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பெட்டியை, குறிப்புத்தாளை, பிளாஸ்டிக்கின் நிறத்தை, இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கம்பெனிச் சின்னம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். குறிப்புத்தாளின் அடியில் அச்சிட்ட முகவரி ஒரு தடயம். ஒரே கிட் வெளியீட்டுக்கு வெளியீடு வேறு நிறப் பிளாஸ்டிக்கில் வந்திருக்கும். ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையதளத்தில் ஒரு அச்சு எந்தெந்த வருடம் எந்தப் பெட்டியில் வந்தது என்று வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள். வாங்கும் முன் அதைத் திறந்து ஒப்பிடாமல் நான் பணம் கொடுப்பதில்லை.

இன்னொன்று, அச்சின் தேய்மானம். அச்சு பழசாகப் பழசாக இரண்டு பாதி சேரும் விளிம்பில் பிளாஸ்டிக் மெல்லிய ஏடாகப் பிதுங்கும். துண்டைச் சுற்றிக் காகிதம் போல ஏடு ஓடினால் பெரும்பாலும் அது பின்னாளில் வார்த்தது.

எங்கே, எப்படி வாங்குவது

வீடு காலி செய்யும் விற்பனை, தேவாலயச் சந்தை, தரும நிறுவனங்களின் பழம்பொருள் கடை. இவைதான் என் முதல் மூன்று இடங்கள். ஒரு பெட்டிக்கு 20 தடவை போக வேண்டியிருக்கும், ஆனால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். இணையத்தில் பாப் ஷாப், முன்பு பிட் ஆர் பை என்று இருந்ததே, அதில் "டைனோசர்" என்று மட்டும் தேடாமல் "பழைய பொம்மை", "மாடல் பெட்டி" என்றும் ஆங்கிலத்தில் தேடுங்கள். என்ன விற்கிறோம் என்றே தெரியாமல் விற்பவர்களிடம்தான் நல்ல பொருள் நியாயமான விலைக்கு இருக்கும். சொந்தக்காரர்களிடமும் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். கோயிலில் காவடி முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தபோது பேச்சுவாக்கில் சொன்னதில் எனக்கு ஒரு பைரோ கிடைத்திருக்கிறது.

விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: துண்டுகளைக் குறிப்புத்தாளுக்குப் பக்கத்தில் பரப்பி ஒரு படம். "எல்லாம் இருக்கிறது" என்ற வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். கீழ்த்தாடை, நாக்கு, நகம், வால் நுனி. தொலைவது எப்போதும் இந்த நான்கில் ஒன்று. படத்தைப் பெரிதாக்கி இவற்றை முதலில் எண்ணுங்கள். பிளாஸ்டிக் தாள் சுற்றிய பெட்டி என்பதாலேயே அது பிரிக்காதது என்று ஆகிவிடாது. புதிதாகத் தாள் சுற்றிக் கொடுக்கும் மெஷின் யாரும் வாங்கலாம். தாள் மொடமொடவென்று புதிதாக இருந்து, பெட்டி மூலைகள் மட்டும் மழுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இங்கே 15 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி உண்டு. அதற்கு மேல் கூரியர்காரரின் கையாள்கைக் கட்டணமும் சேரும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் விலை பேச வேண்டும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரை வற்புறுத்தாதீர்கள். தவறு என்பது ஒரு பக்கம், பெட்டி வழியில் தொலைந்தால் எழுதிய தொகைதான் திரும்பி வரும் என்பது இன்னொரு பக்கம். நான் ஒருமுறை சாதாரண அஞ்சலில் வரவழைத்த பெட்டி ஏழு மாதம் கழித்து, மேலே எதையோ வைத்து நசுங்கி வந்தது. அதிலிருந்து, பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டச் சொல்லி அதற்கான காசை நானே கொடுத்துவிடுகிறேன்.

அபூர்வ கிட்டை ரெசின் என்ற கெட்டியாகும் பிசினில் நகலெடுத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். செதுக்கியவருக்கு அதில் ஒரு காசும் போகாது. வாங்காதீர்கள்.

இன்னொரு வழி, யாரோ எப்போதோ கட்டிப் பெயின்ட் அடித்துவிட்ட மாடலை வாங்குவது. பெட்டி இல்லாததால் விலை பாதிக்கும் கீழே இருக்கும். பழைய பசை ஒட்டுகளைப் பிரிக்க, மாடலை ஒரு பையில் போட்டு ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் பழைய பசை நொறுங்கும் பக்குவத்துக்கு வரும். மெதுவாகத் திருகினால் பல இடங்களில் "டிக்" என்று விட்டுவிடும். விடாத இடத்தில் பலம் காட்டாதீர்கள், அங்கே பிளாஸ்டிக் உருகி ஒன்றாகியிருக்கிறது.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று

கட்டத் தொடங்காதீர்கள். எண்ணுங்கள். குறிப்புத்தாளை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, வேலைக்கு நகலை மட்டும் பயன்படுத்துங்கள். ஐம்பது வருடத் தாள் மடிப்பில் கிழிந்துவிடும்.

துண்டுகளைக் கட்டியிருக்கும் பழைய ரப்பர் பேண்டை உடனே எடுத்துவிடுங்கள். அது இளகிப் பிசினாகிப் பிளாஸ்டிக்கில் கறை போடும். பெட்டிக்குள் வினைல் துண்டுகளும் சாதாரண பிளாஸ்டிக் துண்டுகளும் கலந்து கிடந்தால் தனித்தனிப் பையில் போடுங்கள். வினைலில் உள்ள எண்ணெய் போன்ற மென்மையாக்கி கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை அரித்துக் குழி போடும்.

டர்பன் ஈரப்பதத்தில் அட்டைப்பெட்டிக்கு இரண்டு எதிரிகள்: பூஞ்சை, அப்புறம் இங்கே எல்லோரும் ஃபிஷ்மாத் என்று சொல்லும் வெள்ளிமீன் பூச்சி. பெட்டி ஒட்டிய மாவுப்பசைதான் அதற்குச் சாப்பாடு. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஜன்னலோரம் வேண்டாம். காரில் விட்டுவிட்டு பிப்ரவரி வெயிலில் கடைக்குப் போகவும் வேண்டாம், மெல்லிய துண்டுகள் வளைந்துவிடும்.

பிறகு எல்லாத் துண்டுகளையும் கொடியோடு சேர்த்து, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். கொடி என்று நான் சொல்வது துண்டுகளைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சட்டத்தை, ஸ்ப்ரூ என்பார்கள். வார்க்கும்போது அச்சில் தடவும் எண்ணெய் போனால்தான் பெயின்ட் பிடிக்கும்.

கட்டுவது

பெரிய கருவிப்பெட்டி எதுவும் தேவையில்லை. ஒரு நல்ல பக்கக் கட்டர், கூரான கத்தி, சிறிய அரம், 400, 800, 1200 என்று மூன்று ரக உப்புத்தாள், சாமணம், துணி காயப்போடும் கிளிப் பத்து. பசைக்கு, தூரிகையோடு வரும் தண்ணீர் போன்ற பிளாஸ்டிக் சிமெண்ட். வேலை செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

துண்டைக் கொடியிலிருந்து ஒட்ட வெட்டாதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, அரத்தால் சமன் செய்யுங்கள். பழைய பிளாஸ்டிக் முறுகலானது, ஒட்ட வெட்டினால் துண்டிலிருந்தே ஒரு சில்லு பெயர்ந்து வரும்.

பசை எடுப்பதற்கு முன் உடலின் இரண்டு பாதியையும் வெறுமனே சேர்த்து, ரப்பர் பேண்ட் போட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே உள்பக்கத்து முளைகளில் ஒன்று இடிக்கிறது. அதை அரத்தால் குறையுங்கள். வளைந்த துண்டை, கை பொறுக்காத அளவு சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, எடுத்து நிமிர்த்திப் பிடித்துக் குளிர்ந்த நீரில் காட்டினால் பெரும்பாலும் சொன்னபடி நிற்கும். கொதிநீர் கூடவே கூடாது.

இப்போது ஒட்டும் வேலை. பிளாஸ்டிக் சிமெண்ட் உண்மையில் கோந்து அல்ல, அது இரண்டு பக்கத்தையும் இளக்கி ஒன்றாக உருக்குகிறது. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியைக் கோட்டில் தொட்டால் போதும், திரவம் தானாக இடுக்கில் ஓடும். அரை நிமிடம் பொறுத்து, பாதிகளை ஒன்றோடொன்று நன்றாக அழுத்துங்கள். இளகிய பிளாஸ்டிக் கோடு நெடுக மணிமணியாகப் பிதுங்கி வரும். துடைக்காதீர்கள். கிளிப் போட்டு இரண்டு நாள் விட்டுவிடுங்கள். காய்ந்த பின் அந்தப் பிதுக்கத்தைச் சீவினால் கோடே காணாமல் போயிருக்கும்.

விமானம், கார் கட்டிப் பழகியவர்களும் டைனோசரில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். விமானத்தின் முதுகு வழவழப்பு, தேய்த்துவிட்டால் முடிந்தது. டைனோசரின் கோடு முதுகுத்தண்டு, தொண்டை, வயிறு, வாலின் அடி என்று செதில் நிறைந்த தோலின் நடுவே ஓடுகிறது. உப்புத்தாள் போட்டால் கோட்டோடு செதிலும் போய், உடம்பின் நடுவே வழுக்கையாக ஒரு பட்டை தெரியும். அந்தத் தோலை மீட்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பள்ளம் இருந்தால் சுவருக்குப் பட்டி பார்ப்பது போல மாடல் பட்டியைத் தடவிக் காய விடுங்கள். சமன் செய்த பட்டையின் மேல் சிமெண்டை ஒரு விரற்கடை நீளத்துக்கு மட்டும் தடவி, பத்து விநாடி கழித்து, முடி வெட்டிக் குட்டையாக்கிய பழைய தூரிகையால் குத்துங்கள். இழுக்கக் கூடாது, நேராகக் குத்த வேண்டும். இளகிய பரப்பில் புள்ளி புள்ளியாகத் தோல் எழும்பும். பெரிய செதில் வேண்டிய இடத்தில் ஊசியை நெருப்பில் காட்டி, பக்கத்துச் செதிலின் வரிசையைத் தொடர்ந்து வளைகோடு வளைகோடாக அழுத்துங்கள். ஒரு அங்குலத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டால் தெரிந்துவிடும்.

தொலைந்த துண்டுக்கு வருகிறேன். என் ஸ்டெகோசாரஸின் நான்காவது முள்ளை அதே பெட்டியின் கொடியிலிருந்துதான் செய்தேன். ஒரு சாண் கொடியை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடரில் படாமல், இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே இருங்கள். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும். அந்த நொடியில் சுடரைவிட்டு விலக்கி மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் நூல், மெதுவாக இழுத்தால் கூம்பு. கூம்பில் சரியான இடத்தை வெட்டி, மற்ற மூன்று முட்களுக்குப் பக்கத்தில் வைத்து அரத்தால் சாயலுக்குக் கொண்டு வந்தேன். மூன்றாவது முயற்சியில்தான் அமைந்தது. அதே பிளாஸ்டிக் என்பதால் ஒட்டும் உருகிச் சேர்ந்துவிட்டது.

பழைய டைரனோசாரஸ்கள் வாலைத் தரையில் ஊன்றி, கங்காரு போல நிமிர்ந்து நிற்கும். 1969இல் ஜான் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளர் டெய்னோனிகஸ் என்ற வேகமான சிறிய டைனோசரை விவரித்த பிறகு வந்த சிந்தனை மாற்றத்தில்தான் முதுகு தரைக்கு இணையாக, வால் காற்றில் நீட்டி நடக்கும் உருவம் நிலைபெற்றது. புதியவர்கள் சிலர் பழைய கிட்டை வெட்டி வளைத்துத் "திருத்த" நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் காலத்தவர் டைனோசரை எப்படிக் கண்டார்கள் என்பதற்கு அந்த நிமிர்ந்த முதுகுதான் சாட்சி. சரியான நிலை வேண்டுமென்றால் புதிய கிட்கள் கிடைக்கின்றனவே.

நிற்காமல் கவிழும் மாடலுக்கு வயிற்றை மூடும் முன்பே எடை வையுங்கள். தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயக் குண்டு போதும். அதை எப்பாக்ஸி பசையால் ஒட்டுங்கள், வெள்ளைப் பசையால் அல்ல. வெள்ளைப் பசை ஈயத்தை அரித்து, அது வருடக்கணக்கில் உப்பி, உள்ளிருந்தே மாடலைப் பிளந்துவிடும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

வினைல் கிட்டுக்குத் தனிப் பக்குவம்

கையோடோ போன்ற மென்வினைல் கிட்டில் துண்டுகள் உள்ளே கூடாக, ஓரத்தில் வெட்ட வேண்டிய உதட்டோடு இருக்கும். ஹேர் டிரையர் அல்லது சூடான தண்ணீரில் இளக்கி, புதுக் கத்தியால் வெட்டினால் வெண்ணெய் போல வரும். குளிர்ந்த நிலையில் வெட்டப் போனால் கத்தி வழுக்கிக் கையில் பாயும். கரண்ட் இல்லாத மாலைகளில் கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்துத்தான் இதைச் செய்திருக்கிறேன்.

கால்கள் வருடம் போனால் உடல் கனத்தில் மெல்ல வளையும். ஆகவே பாதத்திலிருந்து தொடை வரை பிளாஸ்டர் அல்லது எப்பாக்ஸியால் நிரப்புங்கள். பிளாஸ்டிக் சிமெண்ட் வினைலில் வேலை செய்யாது, சூப்பர் குளூதான். பெயின்ட்டில் கவனம். எனாமல் என்ற எண்ணெய்ப் பெயின்ட்டை நேரே வினைலில் அடித்தால் மாதக்கணக்கில் பிசுபிசுப்பு போகாது. என் முதல் வினைல் அப்படித்தான் ஆனது, ஒரு வருடம் கழித்தும் விரல் ஒட்டியது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் மட்டும் பயன்படுத்துங்கள்.

வண்ணம்

பழைய பெயின்ட்டை எடுக்க வேண்டியிருந்தால், அக்ரிலிக்குக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால். பழைய எனாமலுக்கு, அடுப்பு சுத்தம் செய்யும் நுரை ஸ்பிரே, அதுவும் வீட்டுக்கு வெளியே, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. எதையும் முதலில் ஒரு கொடித் துண்டில் சோதித்துப் பாருங்கள். அசிட்டோன் பக்கம் போகாதீர்கள், மாடலே கரையும்.

பெயின்ட்டுக்கு முன் பூசும் பிரைமர் ஸ்பிரே அடிக்க ஏற்ற காலம் நம் கடற்கரைப் பக்கத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கோடையின் புழுக்கத்தில் வார்னிஷ் அடித்தால் ஈரம் சிக்கி வெள்ளையாக மேகம் படியும். ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு நேர்மாறு. அங்கே குளிர்கால வறட்சியில் பெயின்ட் மாடலில் படும் முன்பே காற்றில் உலர்ந்து சொரசொரப்பாகும், ஆகவே நெருங்கி மெல்லிசாக அடியுங்கள்.

டைரனோசாரஸ் என்ன நிறம் என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெட்டிப் படத்தைப் பார்த்து அதே பச்சையை அடிப்பது ஒரு மரியாதை, அதையும் செய்யலாம். ஆனால் நான் உயிருள்ள பிராணியைப் பார்க்கச் சொல்வேன். செயின்ட் லூசியா முகத்துவாரத்தில் படகில் போனால் கரையில் முதலைகள் படுத்திருக்கும். முதுகு கருத்த ஆலிவ், விலா வரவர வெளுத்து, வயிறு பழைய யானைத்தந்த மஞ்சள். எந்த இடத்திலும் ஒரு நிறம் நின்று இன்னொன்று தொடங்குவதில்லை. அந்த நழுவலைத்தான் மாடலில் கொண்டு வர வேண்டும். இளநிறத்தை முழுக்க அடித்து, முதுகிலிருந்து கீழே கருநிறத்தை மெல்லிய பூச்சுகளாக இறக்குங்கள். காய்ந்ததும் பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஓட விட்டால் செதில் இடுக்கில் தங்கும். கடைசியில் தூரிகையில் வெளிர்நிறம் எடுத்து, துணியில் துடைத்துக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் மேடுகளின் மேல் மட்டும் உரசுங்கள். நீங்கள் குத்தி எழுப்பிய தோல் அப்போதுதான் உயிர் பெறும்.

கண்ணைக் கடைசியில் வரையுங்கள். பல்குச்சி நுனியால் ஒரு கரும்புள்ளி, மேலே ஒரு சொட்டு பளபள வார்னிஷ்.

அடித்தளமும் நம் மண்ணும்

மேலே சொன்ன எந்தப் பழைய தொடரிலும் தென்னாப்பிரிக்க டைனோசர் இல்லை. 1854இலேயே பிரிட்டிஷ் ஆய்வாளர் ரிச்சர்ட் ஓவன் பெயர் வைத்த மாஸோஸ்பாண்டிலஸ் என்ற டைனோசர் இந்த மண்ணுடையது. 1976இல் கோல்டன் கேட் தேசியப் பூங்காவில் அதன் முட்டைகள், உள்ளே கருவோடு கிடைத்தன. அதற்கு ஒரு பழைய கிட் இல்லையே என்பது எனக்கு உண்மையான ஏக்கம். ஆகவே ஒரு தரையையாவது இந்த நாட்டு நிறத்தில் செய்கிறேன்: கீழே செம்மண் பாறை, மேலே பொன்மஞ்சள் மணற்கல். பழைய கிட்டின் சொந்தத் தரையை மாற்றாமல், அதன் அடியில் வைக்கும் பலகையை இப்படிச் செய்வது என் வழக்கம்.

ஃப்ரிட்ஜ் வந்த தெர்மாக்கோலைப் பாறை வடிவில் பிய்த்து, வெள்ளைப் பசையால் ஒட்டி, டைல் இடுக்கு நிரப்பும் பவுடரைக் குழைத்துப் பூசுங்கள். பிளாஸ்டிக் சிமெண்டோ ஸ்பிரேயோ பட்டால் தெர்மாக்கோல் உருகிவிடும். கடற்கரை மணல் என்றால் மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிக் காய வைத்துச் சலித்த பிறகுதான். உப்பு பிறகு பூத்து வெளியே வரும்.

தரையில் புல் வைக்காதீர்கள். ஸ்டெகோசாரஸ் காலத்தில் புல் கிடையாது. பெரணி, ஊசியிலை மரம், பனை போல இருக்கும் சைக்காட். சைக்காட் எப்படி இருக்கும் என்று பார்க்க டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு காலை நேரம் போய் வாருங்கள். 1895இல் தாவரவியலாளர் மெட்லி வுட் ஓங்கோயே காட்டில் கண்ட சைக்காட்டின் ஆண்மரங்கள் அங்கே நிற்கின்றன, அதன் பெண்மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. இலை நடுநரம்பிலிருந்து எந்தக் கோணத்தில் பிரிகிறது, அடித்தண்டில் உதிர்ந்த இலைகளின் வடு எப்படி அடுக்கியிருக்கிறது என்று படம் எடுத்து வந்து, தடித்த காகிதத்தில் வெட்டுங்கள். ஒரு மரத்துக்கு 20 இலை போதும்.

எல்லாம் முடிந்ததும் பலகையின் அடியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். எந்த வெளியீடு, எங்கே கிடைத்தது, கட்டி முடித்த தேதி, அடித்த பெயின்ட்களின் எண், எந்தத் துண்டு பெட்டியோடு வந்ததல்ல என்று பென்சிலால் எழுதுங்கள். மை மங்கும், பென்சில் நிற்கும். என் ஸ்டெகோசாரஸின் அடியில் "வால் முள், இடது பின்பக்கம், கையால் செய்தது" என்று இருக்கிறது. அதன் மேல் வரியில் பெரியம்மா மகனின் பெயரை எழுதியிருக்கிறேன், வெட்டத் தொடங்கியவர் அவர்.